இரண்டு நாள் முந்திச் செத்த ராவணன்

ராவணன் சாக வேண்டிய நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் விஜயதசமி. ராம்லீலா கமிட்டி நோட்டீஸ் ஒட்டி, ஒலிபெருக்கிக்குச் சொல்லிவைத்து, ஒரு துணை மந்திரியையும் அழைத்திருந்தது. ராவணனுக்கு அதுவரை பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில், ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, பத்துத் தலையும் பற்றிக்கொண்டு எரிந்தான். வயிற்றில் திணித்திருந்த பட்டாசையெல்லாம் வெடித்துத் தீர்த்துவிட்டு, தில்லி லக்ஷ்மிபாய் நகரை ஒட்டிய மைதானத்தில் ஒரு வண்டிச் சாம்பலாகக் குவிந்தான்.

"சிஸ்டர், இது கொலையா தற்கொலையா?" என்று கேட்டான் வேணு.

அக்னஸ் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த வீராயிக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது அக்னஸ் துப்பறியும் நிலையம். அக்னஸ் பாளையங்கோட்டைக்காரர். தில்லியில் பல வருஷம் நர்ஸாக இருந்தவர். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு விழுங்கியாயிற்று என்று சொல்பவர்களைக் கண்டுபிடித்தே பழகியவருக்கு, ஆஸ்பத்திரி வேலையை விட்ட பிறகு இந்தத் தொழில் சுலபமாக வந்தது. ஊர் அவரை இன்னும் சிஸ்டர் என்றே கூப்பிட்டது. உதவியாளன் வேணு தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஸ்கூட்டர் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, வாயடிப்பது என்று அவனுக்கு மூன்று வேலை. மூன்றாவது வேலையைக் குறைத்துக்கொண்டால் சம்பளத்தைக் கூட்டுவதாக அக்னஸ் சொல்லியிருந்தார். அவன் இன்னும் பழைய சம்பளத்தில்தான் இருந்தான்.

வீராயி அந்தக் கட்டடத்து மாடிப்படிகளைப் பெருக்கித் துடைப்பவள். ஜங்புரா மதராசி கேம்ப்பில் குடிசை. அழுகைக்கு நடுவே அவள் சொன்னதைக் கோத்துப் பார்த்தால் விஷயம் இதுதான். அவள் கணவன் வடிவேல் அரசாங்கப் பூங்காவில் தினக்கூலித் தோட்டக்காரன். கேம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் அம்பு செய்வதும் அவன்தான். சேலம் பக்கத்திலிருந்து அவர்கள் கையோடு கொண்டுவந்த வழக்கம் அது. விஜயதசமியன்று அம்மன் புறப்பாட்டில் வானத்தைப் பார்த்து அம்பு விடுவார்கள். விழுகிற அம்பை ஜனங்கள் முட்டி மோதிக்கொண்டு பொறுக்குவார்கள். கிடைத்தவர்கள் அதை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

ராவணனைக் கொளுத்திய அம்பு அவன் வயிற்றுக் காகிதத்தைத் துளைத்து, சுற்றியிருந்த எரியும் துணியை உள்ளேயே உருவிப் போட்டுவிட்டு, மறுபக்கம் வேலி முள்ளில் போய்ச் சிக்கியிருந்தது. மூங்கில் அம்பு. வாலில் மஞ்சள் நூல் சுற்று. அந்த மாதிரி அம்பு அந்த வட்டாரத்தில் வடிவேலைத் தவிர யாரும் செய்வதில்லை. போலீஸ் வந்து அவனைக் கூட்டிப் போய்விட்டது.

ராவணன் எரிந்ததைப் பற்றி வீராயிக்குக் கவலை இல்லை. அடுத்த வாரம் தோட்டக்காரர்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். வடிவேலின் பெயர் அதில் இருந்தது. போலீஸ் கேஸ் என்று ஒன்று விழுந்தால் அந்தப் பெயர் போய்விடும். அவளைப் படுத்தியது அதுதான்.

"அத்தன வருசமும் வெயில்ல நின்னவருங்க சிஸ்டர். சாயங்காலம் கேஸு எழுதிருவாங்களாம். அதுக்குள்ளாற வெளிய கொண்டாந்துருங்க," என்றாள்.

அக்னஸ் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் சௌத்ரி எழுந்து நின்று வரவேற்றார். அவருடைய மாமியார் ஒரு காலத்தில் அக்னஸின் வார்டில் படுத்திருந்தவர். மாமியாரைப் பேசாமல் படுக்க வைத்த ஒரே மனுஷி என்று அக்னஸ் மீது அவருக்குத் தனி மதிப்பு. டீ வரவழைத்தார். ஆனால் வழக்கில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இந்தியில் காரணங்களை அடுக்கினார்.

கமிட்டித் தலைவர் கன்னா, ராமருக்கு அம்பு செய்ய வடிவேலைத்தான் கூப்பிட்டிருக்கிறார். வடிவேல் மூங்கில் என்றான். கன்னா மரம் என்றார். மூங்கில் பாடை கட்டுகிற சாமான், அதை ராமர் கையில் கொடுப்பது அபசகுனம் என்பது கன்னாவின் கட்சி. ராவணனே மூங்கில் சட்டத்தில்தானே நிற்கிறான் என்றான் வடிவேல். வாக்குவாதம் முற்றிப்போய், உங்கள் ராவணனுக்கு மூங்கிலால்தான் சாவு என்று சொல்லிவிட்டு, கேட்டபடியே மரத்தில் அம்பு செய்து கொடுத்துவிட்டுப் போனான். மைதானமே அதைக் கேட்டிருக்கிறது. தவிரவும், தீப்பந்தத் துணிக்கு ஊற்றிய மண்ணெண்ணெய் சிந்திக் கிடந்த இடம் ராமர் மேடைக்குப் பக்கத்தில். அங்கிருந்து ராவணன் வயிறு வரைக்கும் நல்ல தூரம். கைதேர்ந்தவன் ஒருவனால்தான் அங்கிருந்து அடிக்க முடியும்.

"ஜூன் மாசம் கிரிக்கெட்ல வேர்ல்ட் கப் ஜெயிச்சதுலேருந்து தில்லியில எல்லாருமே கைதேர்ந்தவங்கதான் சாப்," என்றான் வேணு. சௌத்ரி அவனுக்கு வந்த டீயைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

கம்பிக்குப் பின்னால் வடிவேல் முறுக்கிய மீசையோடு நின்றான். பயந்தவனாகத் தெரியவில்லை. ரொம்பவும் அவமானப்பட்டவனாகத் தெரிந்தான். சாயங்காலம் எங்கே இருந்தாய் என்று அக்னஸ் கேட்டதற்கு, பாரபுல்லா நாலாக் கால்வாய் ஓரம் தனியாக உட்கார்ந்து கோயிலுக்கு அம்பு சீவிக்கொண்டிருந்தேன் என்றான். பார்த்த சாட்சி கிடையாது.

"அந்த மேடைகிட்டேருந்து ராவணன அடிக்க உம்மால முடியுமா?"

வடிவேல் ஒரு நொடி தயங்கினான். பிறகு மீசையைத் தடவினான். "கண்ணக் கட்டி வுட்டாலும் அடிப்பேன் சிஸ்டர். ஆனா அடிக்கல."

இதையே அவன் நேற்று இந்தியிலும் சொல்லியிருந்தான். சௌத்ரி முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் வேணு தலையில் அடித்துக்கொண்டான். வக்கீலே வேண்டாம், இவர் ஒருத்தரே போதும், தனக்குத் தானே தண்டனை வாங்கித் தந்துவிடுவார் என்றான். அக்னஸ் அவனைப் பார்க்காமல், வாசலில் காத்திருந்த வீராயியைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, ஒம் புருஷனுக்குக் குறி எப்படி?"

வீராயி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். எங்கேயோ பார்த்தாள். "அம்பு நல்லா செய்வாருங்க சிஸ்டர்," என்றாள்.



மதராசி கேம்ப்புக்கு ஆட்டோவில் போனார்கள். வேணு ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். குடிசைக்குள் கூரையிலிருந்து சாக்கில் சுற்றிய மூங்கில் கட்டு ஒன்று தொங்கியது. மூலையில் இன்னொரு கட்டு சும்மா சாத்தியிருந்தது. தொங்குவது தேறியது, சாத்தியிருப்பது கழித்தது என்றாள் வீராயி. அம்பின் தண்டை அவர்கள் கோல் என்றார்கள். ஒரு வண்டி மூங்கிலில் ஒரு கைப்பிடிக் கோல்தான் தேறும் என்பது வடிவேலின் கணக்கு. தரையில் உருட்டிப் பார்ப்பான், தள்ளாடினால் போச்சு. காதோரம் வைத்துச் சுண்டுவான், உளுத்த சத்தம் வந்தால் போச்சு. பிறகு முழங்காலில் வைத்து மெதுவாக வளைப்பான். விறைப்பாக நிற்கிற கோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அவரைக்கொடிக்குப் பந்தல் போடத்தான்.

ஏன் அப்படி என்று அக்னஸ் கேட்டார். கல்யாணமான நாளாகத் தினமும் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பாடத்தை வீராயி ஒப்பித்தாள்.

"கோயில் வில்லு மெலிசுங்க சிஸ்டர். ஜனத்து மேல விழுற அம்பு வேகமாப் போவக் கூடாதுல்ல. மெலிசு வில்லுக்கு வளைஞ்சு குடுக்குற கோலா இருக்கணும். அப்பத்தான் வில்லச் சுத்திக்கிட்டு நேராப் போவும். வெறைச்ச கோல வெச்சா வில்லுல இடிச்சுக்கிட்டு ஒரு பக்கமா ஓடிரும்."

மூலையில் ஒரு மரக்கோலும் கிடந்தது. கன்னாவுக்குச் செய்ததில் மிச்சம். பளபளவென்று இழைத்து, தங்க வர்ணம் பூசியிருந்தது. அக்னஸ் அதை முழங்காலில் வைத்து அழுத்தினார். முழங்கால்தான் வலித்தது.

"இது பர்தா மாட்டுற கம்பி மாதிரி இருக்கு சிஸ்டர். எங்க வீட்டு ஜன்னல்ல இதான் தொங்குது," என்றான் வேணு.

போன வருஷம் அம்பு யார் யாருக்குக் கிடைத்தது என்று விசாரிப்பதில் பயனில்லை. கேம்ப்பில் பாதி வீட்டில் இருக்கும். லக்ஷ்மிபாய் நகரிலிருந்தும் சரோஜினி நகரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். வேணு உதட்டைப் பிதுக்கினான். துப்பு இதோடு தீர்ந்தது, ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான்.

"தீரல்லடே. அம்பு யாருதுன்னே எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காவ. இது எந்த வில்லுக்குச் சேரும்னு ஒருத்தராவது கேட்டாவளா? இந்த வளைசல் கோலு மெலிசு வில்லுலதான் நேராப் போவும். இந்தப் பக்கத்துல மெலிசு வில்லு எத்தன இருக்கு?"

ஒன்று கோயிலில் இருந்தது. பூசாரி அய்யாசாமி அதைக் காட்டினார். நவராத்திரி முதல் நாளே மஞ்சள் துணியில் சுற்றி, முடிச்சின் மேல் சந்தனம் அப்பி, அம்மன் காலடியில் வைத்துவிடுவார்களாம். விஜயதசமிக்குத்தான் அவிழ்ப்பார்கள். சந்தனம் காய்ந்து இறுகி, விரிசல்கூட இல்லாமல் இருந்தது. அக்னஸ் அதைத் தொடாமல் பார்த்துவிட்டு, புதிதாகச் செய்த அம்புகளில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இன்னொரு வில்லு யார்கிட்ட இருக்குன்னு நான் சொல்லட்டா?" என்றான் வேணு. "சாட்சாத் ராமர்கிட்ட."

மைதானத்தில் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார்கள். காற்று பின்பக்கமாக அடித்ததால் கும்பகர்ணனும் இந்திரஜித்தும் தப்பித்து, அண்ணனையும் அப்பனையும் இழந்த துக்கமே இல்லாமல் இரண்டு பக்கமும் நின்றார்கள். நடுவில் பழைய செய்தித்தாளையும் மூங்கிலையும் வைத்து அவசர ராவணன் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு இதுவரை நான்கு தலைதான் முளைத்திருந்தது.

அந்த வேலையை முன்னின்று நடத்திக்கொண்டிருந்தவர் ராமன். பெயரும் அதுதான், வேஷமும் அதுதான். ஏதோ ஒரு மந்திரி அலுவலகத்தில் எழுத்தர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து அங்கேயே வேலைக்கும் போகிறவர். சாந்தமான முகம், தெளிவான இந்தி. ராமருக்கு வேண்டிய எல்லாம் அவரிடம் இருந்தது, ஒன்றைத் தவிர. போன வருஷம் எல்லார் முன்னாலும் அவர் விட்ட அம்பு ஒன்றுகூட ராவணன் மேல் படவில்லை. கடைசியில் அனுமார் வேஷக்காரர் தீப்பெட்டியோடு ஓடிப்போய்ப் பற்றவைத்தார். அனுமாருக்குத்தான் பழக்கமாயிற்றே என்று கூட்டம் சிரித்தது. இதைச் சொல்லும்போது கன்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராமனும் கூடவே சிரித்துவைத்தார்.

வில் இருந்த பெட்டியின் சாவி ராமனிடம்தான் இருந்தது. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று கன்னா அடித்துச் சொன்னார். யாராவது ராவணனை அடித்தார்கள் என்றால் அது ராமன் இல்லை என்பதற்குக் காலனியே சாட்சி. இவ்வளவு பலமான சாட்சியம் யாருக்குமே கிடைக்காது என்றான் வேணு.

அக்னஸ் வில்லை வாங்கி இழுத்துப் பார்த்தார். பிரம்பு வில். ஜிகினாக் காகிதம் ஒட்டியது. சின்னப் பெண்பிள்ளைகூட இழுக்கலாம்போல இருந்தது. வேணுவைக் கூப்பிட்டு, தங்க வர்ணம் பூசிய மர அம்பு ஒன்றைக் கொடுத்து, கும்பகர்ணனைக் குறிபார்க்கச் சொன்னார். வேணு ஒரு கண்ணை மூடி நேராகக் குறிபார்த்தான். அம்பு இடது பக்கமாக ஓடி, டீக்கடைக்காரரின் கெட்டிலில் போய் இடித்தது. பால் கொட்டியது. டீக்கடைக்காரர் வேணுவின் பரம்பரையைப் பற்றி இந்தியில் விரிவாகப் பேசினார்.

ராமன் பரிதாபப்பட்டுக் கிட்டே வந்தார். "நேராப் பிடிக்காதீங்க பாய் சாப். இது எப்பவும் லெஃப்ட்லதான் ஓடும். ஒரு ஆள் அகலம் ரைட்ல தள்ளிப் பிடிக்கணும். நான் வருஷக்கணக்கா அப்படித்தான் பிடிக்கறேன். அப்பவும் படாது, அது வேற விஷயம்."

அக்னஸ் அவருக்கு நன்றி சொன்னார். பிறகு பக்கத்துக் கடைக்குப் போய்ச் சௌத்ரிக்கு டெலிபோன் பண்ணி, கைதியோடு வரச் சொன்னார்.

ஜீப் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சனிக்கிழமையாதலால் பாதிக் காலனி மைதானத்தில் கூடிவிட்டது. கேம்ப்பிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். சௌத்ரி கேஸ் எழுதும் காகிதங்களைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். அக்னஸ் வடிவேலின் கையில் ராமரின் வில்லையும், அவனே செய்த மூங்கில் அம்புகளையும் கொடுத்தார்.

"வே, இப்பம் அடியும். கண்ணெல்லாம் கட்ட வேண்டாம்."

வடிவேல் கூட்டத்தைப் பார்த்தான். கேம்ப் ஆட்களைப் பார்த்தான். பிறகு அக்னஸைப் பார்த்த பார்வையில், வேண்டாம் என்ற கெஞ்சல் இருந்தது. அக்னஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் அம்பு கும்பகர்ணனின் தலைக்கு மேலே ஆகாயத்தில் போயிற்று. இரண்டாவது காலுக்கு முன்னால் மண்ணில் விழுந்தது. மூன்றாவதைக் கண்டு கூட்டத்தில் ஒரு பக்கமே உட்கார்ந்துவிட்டது.

யாரோ சிரித்தார்கள். வடிவேல் தலையைக் குனிந்துகொண்டான். அத்தனை வருஷம் வானத்தைப் பார்த்தே அம்பு விட்டுப் பேர் வாங்கியவன் அவன். வானம் தப்புவதில்லை. தனக்குக் குறி வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேற்றே வெளியே வந்திருக்கலாம். அதைச் சொல்வதைவிட லாக்கப்பில் கிடப்பது அவனுக்கு மேலாகத் தெரிந்திருக்கிறது. அக்னஸுக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.

சௌத்ரி மசியவில்லை. வேண்டுமென்றே தவறவிடுகிறான், இது குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றார். அடிக்கத் தெரிந்தவன் தெரியாத மாதிரி நடிக்கலாம் அல்லவா?

"நியாயந்தான் இன்ஸ்பெக்டர் சாப்," என்று அக்னஸ் இந்தியில் ஒத்துக்கொண்டார். "அப்படியானால் அடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருவரைக் கூப்பிடலாம்."

ராமனைக் கூப்பிட்டார். முதலில் ஒரு மர அம்பைக் கொடுத்தார். ராமன் வழக்கம்போல ஒரு ஆள் அகலம் வலது பக்கம் தள்ளிக் குறிபார்த்தார். அம்பு வழக்கம்போலக் கும்பகர்ணனை விட்டுவிட்டு இந்திரஜித் பக்கமாகப் போயிற்று. கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது. டீக்கடைக்காரர் கெட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அக்னஸ் பேச்சோடு பேச்சாக ஒரு மூங்கில் அம்பை அவர் கையில் வைத்தார். ராமன் நாணில் பூட்டினார், இழுத்தார், கும்பகர்ணனின் தொப்புளுக்கு நேராகப் பிடித்தார், விட்டார். படக் என்று காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. தொப்புள் இருந்த இடத்தில் ஓட்டை தெரிந்தது.

காலனி முழுக்கக் கைதட்டியது. கன்னா ஓடிவந்து ராமனைக் கட்டிக்கொண்டார். ராமன் சிரித்தார். எவ்வளவோ நாள் அடக்கிவைத்திருந்த சிரிப்பு அது.

அக்னஸ் கிட்டே போய்த் தாழ்ந்த குரலில்தான் கேட்டார். "மர அம்ப வலது பக்கம் தள்ளிப் பிடிச்சீரு. சரி, வருஷக்கணக்கான பழக்கம். இத மட்டும் ஏன் தம்பி நேராப் பிடிச்சீரு? இது நேராப் போவும்னு ஒமக்கு யாரு சொன்னா?"

ராமனின் சிரிப்பு அப்படியே நின்றது.

வேணுவுக்கே விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூங்கில் அம்பை விட்டே பார்க்காதவன் இதையும் வலது பக்கம் தள்ளித்தான் பிடித்திருப்பான். ஒரு தடவையாவது விட்டுப் பார்த்தவனுக்குத்தான் அது நேராகப் போகும் என்று தெரியும். சௌத்ரி அக்னஸையும் ராமனையும் மாறிமாறிப் பார்த்தார். கையிலிருந்த காகிதங்களை மெதுவாக மடித்தார்.

ராமன் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் அவர் மனைவி கேம்ப் கோயிலில் ஒரு அம்பு பொறுக்கி வந்து சாமி அலமாரியில் வைத்திருந்தாள். இந்த வருஷமும் எல்லாரும் சிரிப்பார்கள் என்ற பயத்தில் அவருக்குப் பத்து நாளாகத் தூக்கமில்லை. அம்மன் அம்பாவது கைகொடுக்குமா என்று ஆசை. பறக்கும்போது தீ அணையாமல் இருக்குமா என்று பார்க்கத்தான் வெள்ளிக்கிழமை யாரும் இல்லாதபோது எடுத்துவந்தார்.

"எங்க பார்த்து விடறதுன்னு யோசிச்சேன் சிஸ்டர்ஜி. ஒரு பக்கம் டெண்ட். ஒரு பக்கம் டீக்கடை. நான் எதைக் குறிபார்த்தாலும் அதுல படாது, வேற எதுலயாவது போயிடும். அதனால ராவணன் வயித்தையே குறிபார்த்தேன். இந்த மைதானத்துலயே சேஃப்பான இடம் அதுதான்னு நெனச்சேன். சச், நெஜமா. வாழ்க்கையில முதல் தடவை நேராப் போச்சு."

வேணு சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். அக்னஸ் சிரிக்கவில்லை. அவருக்கு இப்போதுதான் கோபம் வந்தது.

"தவறிப் பட்டது தப்பில்ல தம்பி. ராத்திரி பூரா இந்த மனுஷன் கம்பிக்குள்ள நின்னாரே, அதுதான் தப்பு. ஒமக்குச் சர்க்கார் வேல இருக்கு. இவருக்கு இனிமேதான் கெடைக்கணும். அது ஒமக்குத் தெரியாதா?"

காலையில் ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டதாக ராமன் சொன்னார். சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். அப்புறம் இன்னொன்றும் இருந்தது என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டார். ராவணன் எரிந்தபோது பயத்தைவிடச் சந்தோஷம்தான் முதலில் வந்ததாம். தன் கையால் அடித்ததை ஒருவரிடமும் சொல்ல முடியவில்லையே என்று ராத்திரியெல்லாம் அழுதாராம்.

கேஸை ராமன் பெயருக்கு மாற்றுவதா என்று சௌத்ரி கேட்டார். கன்னா அலறிவிட்டார். ராவணனுக்காவது நான்கு தலை வந்துவிட்டது, நாளைக்குள் இன்னொரு ராமருக்கு எங்கே போவது? துணை மந்திரி வேறு வருகிறார். கமிட்டிக்குப் புகார் எதுவும் இல்லை, காகிதம் போனது காகிதத்தோடு போகட்டும் என்றார். சௌத்ரி வடிவேல் பக்கம் திரும்பினார். உள்ளே இருந்தது அவன். அவன் என்ன சொல்கிறானோ அதுதான் என்றார்.

வடிவேல் ராமனை ஏற இறங்கப் பார்த்தான். "கேஸெல்லாம் வேணாம் சாப். எம் பேரு ஊரறியக் கெட்டுச்சு. நாளைக்கு மந்திரி முன்னாடி, வேசத்தோட, மைக்குல இவரு நடந்ததச் சொல்லணும். எங்க பூங்கா ஆபீசரும் கேக்க வருவாரு."

ராமன் சொல்கிறேன் என்றார். முகம் வெளுத்துத்தான் இருந்தது, ஆனாலும் நிமிர்ந்து சொன்னார். சௌத்ரி மடித்த காகிதங்களைக் குறுக்காகக் கிழித்து, கட்டிக்கொண்டிருந்த ராவணனின் வயிற்றுக்குள் போட்டார். கன்னா தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளைக்கு மூங்கில் அம்பு ஒன்று கிடைக்குமா என்று வடிவேலிடம் கேட்டார்.

"பாடைக்கு ஆகுறதுதான மிச்சம் இருக்கு," என்றான் வடிவேல். கன்னா கைகூப்பினார். கொஞ்ச நேரம் கூப்ப விட்டுத்தான் சரி என்றான்.

கூட்டம் கலைந்தது. கேம்ப் ஆட்கள் வடிவேலின் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவன் போகிற போக்கில், குறிபார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனான். வெளியே வந்த சந்தோஷமெல்லாம் வடிவேலின் முகத்திலிருந்து அதோடு போயிற்று. பஸ் ஸ்டாப்பில் அக்னஸ் பக்கம் வராமல் தள்ளி நின்றான். சிதறிய அம்புகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்த வீராயி அவனுக்கும் அக்னஸுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"எம் மேலயும் தப்பிருக்குங்க சிஸ்டர்," என்றாள். "இந்தாளுக்குக் குறி வராதுங்கய்யான்னு ராத்திரியே ஸ்டேசன்ல சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லத்தான் மனசு வரல."

வடிவேல் திரும்பினான். மீசை துடித்தது. "ஒனக்குத் தெரியுமா?"

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு மாங்கா அடிக்கிறேன்னு எங்கப்பன் மண்டைய ஒடச்சீங்க. அப்பயே தெரியும்."

வேணு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்னஸ் அவன் காலை நன்றாக மிதித்தார்.

"தெரிஞ்சுமா என்னக் கட்டிக்கிட்ட?" என்று கேட்டான் வடிவேல்.

"மண்ட ஒடஞ்சதும் எல்லாரும் உங்களத் தொரத்துனாங்க. நீங்க ஓடலியே. எங்கப்பன முதுகுல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குத்தான ஓடுனீங்க," என்றாள் வீராயி.

பஸ் வந்தது. வடிவேல் முதலில் ஏறி, முண்டியடித்து, அவளுக்கு ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்தான்.